‘காத்திருப்பு’ வாரத்துக்கு நான் அனுப்பிய படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைப்பு வரும். ஒரே ஒரு சொல்தான். ‘மஞ்சள்’ என்று வரும், ‘கதவு’ என்று வரும், ‘வரிசை’ என்று வரும். சனிக்கிழமைக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு படம் எடுத்து இணையக் குழுவில் போட வேண்டும். புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும், பழைய படத்தைத் தூசி தட்டிப் போடக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி. பரிசு என்று எதுவும் கிடையாது. அந்த வாரத்தின் நல்ல படத்தைக் குழுவின் முகப்பில் ஒரு வாரம் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெரிய கேமரா வைத்திருக்கிறவர்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் இன்ஜினியர்கள் சிலர், லீவு விட்டால் மலையேறிப் பறவை எடுக்கும் வாத்தியார் ஒருவர். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், காருக்குள் ஓடும் ஒயர்க்கட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் இருந்தது முனை உடைந்த போன். ஆனாலும் நான் அசரவில்லை. மலையில் பறவையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படப்பை ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்று ‘அமைதி’ என்ற தலைப்புக்கு ஒரு படம் எடுத்துக் காட்டட்டும் பார்க்கலாம் என்ற திமிர் எனக்கு இருந்தது.

என் படங்களில் பாதிக்கு மேல் ஒருத்திதான் இருப்பாள். என் லைனில் எனக்கு அடுத்த மேசையில் வேலை பார்த்தவள். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். இருபத்திரண்டு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் அதற்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தோம். ஒரே ஸ்டாப், ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட். அவள் கை, அவள் கால், அவள் பின்னல், அவள் நிழல் என்று எடுத்துத் தள்ளியிருக்கிறேன். அவள் இப்போது இல்லை. அவளுடைய அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மகளின் முகம் தெரிகிற ஒரு படம். அது மட்டும் என்னிடம் இல்லை.

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகும்போது செக்யூரிட்டி நம் போனை வாங்கி, முன்னாலும் பின்னாலும் இருக்கும் கேமராக் கண்கள்மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே எதையும் படம் எடுத்துவிடக்கூடாது. நாளுக்கு ஒரு நிறம். வெளியே வரும்போது ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். பஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் செய்யும் முதல் வேலை, அதைப் பிய்த்து முன்சீட்டின் முதுகில் ஒட்டுவது. எங்கள் பஸ்ஸில் சீட் முதுகெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

அவள் மட்டும் பின்னால் இருப்பதைப் பிய்ப்பாள், முன்னால் இருப்பதை விட்டுவிடுவாள். மறுநாள் அதன்மேலேயே புது ஸ்டிக்கர் ஏறும். ஒருமுறை செக்யூரிட்டி அண்ணனே கேட்டுவிட்டார்.

“இன்னாம்மா, பழசு மேலயே ஒட்டிக்கினு போறேன். உனுக்கு செல்ஃபியே வேணாமா?”

“அந்தக் கண்ணு எனக்கு வேணாம்ண்ணே” என்றாள்.

முதலில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஹாஸ்டல் பெண்களில் நிறையப் பேர் அப்படித்தான். வேலைக்கு வந்த இடத்தில் படத்தைப் போட்டால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, போனில் தங்கள் முகம் வைக்க வேண்டிய இடத்தில் ரோஜாப் பூவையும் யார் வீட்டுக் குழந்தையையோ வைத்திருப்பார்கள். இவள் அதற்கும் ஒரு படி மேலே போய்க் கண்ணையே அடைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

‘கைகள்’ என்ற வாரத்தில்தான் அவளை முதலில் எடுத்தேன். ஒயர்களைத் தடவித் தடவி விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை. ஸ்டாப்பில் டீ கிளாஸைப் பிடித்திருந்தாள். போனைத் தூக்கினதும் ஒரு அடி பின்னால் போனாள்.

“கையத்தானடி எடுக்கறேன், இன்னாத்துக்கு இப்படித் துள்ளுற?”

“கையின்னா எடுங்கக்கா. கழுத்துக்குக் கீழ நிறுத்திக்கிருங்க.”

அப்படியே நிறுத்திக்கொண்டேன். அந்தப் படத்துக்குக் குழுவில் பதினைந்து இருபது பேர் பாராட்டு எழுதினார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து தலைப்பு வந்ததும் எனக்கு முன்னால் அவள்தான் யோசிப்பாள். ‘வரிசை’ என்று வந்தபோது, பஸ் வரும்வரை ஆட்கள் நிழலில் ஒதுங்கிக்கொண்டு தங்களுக்குப் பதிலாகச் சாப்பாட்டுப் பைகளை ரோட்டோரம் வரிசையாக வைத்திருப்பதைக் காட்டியது அவள்தான். ‘அமைதி’க்கு, மதகின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டாள். பின்னால் லாரி ஓடுகிற ரோடு கலங்கலாகத் தெரிய, முன்னால் அந்த இரண்டு கால் மட்டும் சும்மா இருந்தது. “இப்ப எடுங்கக்கா, இப்ப எடுங்கக்கா” என்று மேஸ்திரி மாதிரி விரட்டுவாள். எடுத்ததும் போனை வாங்கி, தன் முகம் எங்கேயாவது சிக்கியிருக்கிறதா என்று ஓரம் ஓரமாகப் பார்ப்பாள். மோவாய் தெரிந்தால்கூட அழித்துவிட்டுத்தான் தருவாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘முகம்’ என்று தலைப்பு வந்தது.

நான் கெஞ்சினேன். கோபித்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசாமல்கூட இருந்தேன். அவள் முகம் படத்துக்கென்றே செய்த முகம் என்று எனக்கு ஒரு எண்ணம். சின்ன நெற்றி, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொள்ளும் வாய், வலது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. இதையெல்லாம் இப்போது எழுத்தில்தான் சொல்ல முடிகிறது.

“ஒரே ஒரு வாட்டி எடுத்துக்கறேண்டி. யாரு பாக்கப் போறா?” என்றேன்.

“எல்லாரும்தான பாப்பாக. அதுக்குத்தான போடுறிய” என்றாள்.

அன்றைக்கு அந்த மதகில் உட்கார்ந்துதான் விஷயத்தைச் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து பிரிவு விழாவுக்குச் சேலை கட்டி எடுத்த படத்தைப் போனில் முகப்பாக வைத்திருக்கிறாள். ஊரில் ஒருத்தன் அதை எடுத்துத் தன் படத்தோடு ஒட்டி, ஜோடி மாதிரி ஆக்கி ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். அப்பா இல்லாத வீடு. அவளுடைய தாய்மாமா வைத்ததுதான் சட்டம். மாமா படத்தை நம்பினார், அவளை நம்பவில்லை. போனைத் தரையில் அடித்து உடைத்தார். வீட்டில் இருந்த அவள் படங்களையெல்லாம், பள்ளிக்கூடத்தில் எடுத்தது வரைக்கும், கிழித்தார்.

“அம்மா அழுதுக்கிட்டே ஒவ்வொண்ணாப் பொறுக்குச்சுக்கா. மாமா அதையும் புடுங்கி அடுப்புல போட்டுட்டாக. என்னய இங்கிட்டு அனுப்புனது சம்பளத்துக்கா? மூஞ்சிய ஊருக்குள்ள காட்டக்கூடாதுன்னுதான்.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. ரோட்டில் போகிற லாரியின் டயரை எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு முகத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே மனசு கேளாமல், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் கண்ணேறுக்குத் தொங்கவிட்டிருந்த பூசணிக்காய்ப் பூதத்தைக் காட்டினாள். கோரைப்பல்லும் முட்டைக்கண்ணுமாக இருந்தது. “இத எடுங்கக்கா. இத எவன் கூட ஒட்டி அனுப்புனாலும் யாரும் எதும் கேக்க மாட்டாக.” அதைத்தான் ‘முகம்’ வாரத்துக்குப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

‘காத்திருப்பு’ வந்தது அதற்கு அப்புறம் சில வாரங்கள் கழித்து. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாப்பில் காலை ஷிஃப்டுக்கு நின்றுகொண்டிருந்தோம். அவள் எனக்கு நாலு அடி முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றாள். நீல ஓவர்கோட். இடது தோளில் பை. இடுப்பு வரைக்கும் இறங்கும் ஒற்றைப் பின்னல், அதில் முந்தின நாள் வாடின கனகாம்பரம். ஒரு காலின்மேல் பாரத்தைப் போட்டு, மற்றக் காலை லேசாக மடக்கியிருந்தாள். அவளைக் கேட்காமல் எடுத்தது அது ஒன்றுதான். முகம் இல்லை என்பதால் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் என் படம் முகப்பில் ஏறியது. வங்கி அதிகாரி நீளமாக எழுதியிருந்தார்: முகத்தைக் காட்டாமல் விட்டதுதான் இந்தப் படத்தின் உயிர், இவள் யாராகவும் இருக்கலாம். அவள் அதை பஸ்ஸில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். ஒரு வாரம் எங்களுக்குள் அதுதான் பேச்சு. ரிஜெக்ட் பீஸ் வந்தால்கூட, “நான் பண்ணலக்கா, நான் யாரா வேணாலும் இருக்கலாம்ல” என்பாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னாள். அம்மாவிடம் காட்ட வேண்டுமாம். இதைப் பார்த்து மாமா எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

அந்தப் பொங்கலுக்கு அவள் போகவில்லை.

எங்கள் கம்பெனி பஸ் ஹாஸ்டல் இருக்கும் பக்கம் நிற்காது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக வேண்டும். நடுவில் இருக்கும் தடுப்பில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. எல்லாரும் அதன் வழியாகத்தான் ஓடுவோம், நானும் ஓடியிருக்கிறேன். அந்த வாரம் எனக்கு ஷிஃப்ட் மாறியிருந்தது. காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஹாஸ்டல் பெண் ஒருத்தி போன் பண்ணினாள். பஸ் வந்துவிட்டதென்று இவள் ஓடியிருக்கிறாள். கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு போகும் நீள லாரி. நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் ரத்தத்தின்மேல் மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள். அவள் பை மட்டும் தடுப்பின்மேல் யாரோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது. போன் தூளாகிவிட்டது என்று போலீஸ்காரர் சொன்னார்.

அவளுடைய அம்மாவும் மாமாவும் அன்று சாயங்காலம் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். பிணவறை டாக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைத் திறக்க வேண்டாம், முக்கியமாகத் தாயாருக்குக் காட்ட வேண்டாம் என்று சொன்னார். மாமா மட்டும் உள்ளே போனார். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்த அம்மா வெள்ளைத் துணிச் சுருளைத்தான் பார்த்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடி வந்தார்.

“நீதானாத்தா போட்டோ எடுக்குற அக்கா?”

தலையாட்டினேன்.

“எம்பிள்ள மூஞ்சிய மூடியே குடுத்துட்டாகத்தா. ஒங்கிட்ட அவ போட்டோ நெறைய இருக்குன்னு போன்ல சொல்லுவாளே. ஒண்ணு காட்டு, பாத்துக்கிறேன்.”

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். கையைப் பார்த்ததும், “இது அருவாமனைல வெட்டிக்கிட்டது” என்று கட்டை விரலில் நான் அதுவரை கவனிக்காத ஒரு தழும்பைத் தொட்டார். காலைப் பார்த்து, “இம்புட்டு வெடிப்பா” என்றார். நிழலைக்கூட அடையாளம் கண்டார். ஒவ்வொரு படத்திலும் கழுத்து வரைக்கும் வந்ததும், விரலை வைத்துப் படத்தைக் கீழே இழுத்தார். அவர் வைத்திருந்தது பொத்தான் போன். கீழே இழுத்தால் மேலே மறைந்திருக்கும் முகம் இறங்கி வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். ஓவர்கோட்டின் காலரோடு படம் முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். ‘காத்திருப்பு’ படம் வருவதற்குள் நான் போனை வாங்கி, “இருக்கும்மா, வூட்டுல தேடி எடுத்து அனுப்பறேன்” என்று பொய் சொன்னேன்.

அவளை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் தேட ஆரம்பித்தேன்.

வீட்டில் எது மிச்சம் இருந்தது என்று முதலில் மாமாவிடம் போனில் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பில் எடுத்த ஆதார் படம் இருந்தது. அதைப் பெரிதாக்கித்தான் ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு புகை, அதில் சடை ரிப்பன் மட்டும் தெரிந்தது. அப்புறம் வயசுக்கு வந்தபோது சடங்குக்கு எடுத்த ஒரு படம், அத்தை வீட்டில் தப்பியிருந்தது. பதின்மூன்று வயசுப் பிள்ளைக்குக் கல்யாணப் பெண் மாதிரி பவுடரும் பூ ஜடையும். “அது எம்பிள்ள மாதிரியே இல்லத்தா” என்று அந்த அம்மா ஒதுக்கிவிட்டார்.

ஹாஸ்டல் பெண்கள் அத்தனை பேர் போனையும் துழாவினேன். பிறந்தநாள் கேக், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனது, ஆயுத பூஜை. எல்லாவற்றிலும் அவள் இருந்தாள், எல்லாவற்றிலும் யாருடைய தோளுக்குப் பின்னாலோ குனிந்திருந்தாள். அவளை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்ட் ஆபீஸில் ஐடி கார்டுப் படம் இருக்கும் என்று போனேன். அங்கிருந்த ஆள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “அதெல்லாம் வெளிய குடுக்க முடியாது மேடம், கேட்டுச் சொல்றேன்” என்றான். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறான் போலிருக்கிறது. கம்பெனி கேட்டில் ஒரு கேமரா, கேன்டீன் வாசலில் ஒன்று, லைனுக்கு மேலே ஒன்று. தினமும் அவள் முகத்தைப் பார்த்தவை அவை. எங்கள் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களிடம் அவள் முகம் மூட்டை மூட்டையாக இருந்திருக்கும். அதைக் கேட்டதற்குச் சூப்பர்வைசர், “பேசாம வேலையப் பாருங்க” என்றார். அதோடு நிற்காமல், “இத்தினி போட்டோ எடுத்தீங்களே, தெரியாம ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாம்ல?” என்றும் கேட்டார். தெரியாமல் எடுத்தவன் ஒருத்தனால்தான் அவள் இங்கே வந்து நின்றாள் என்று கத்தினேன். லைனே திரும்பிப் பார்த்தது.

கடைசியில் குழுவில் எழுதினேன். ‘காத்திருப்பு’ படத்தில் நின்ற பெண் இறந்துவிட்டாள், முகம் தெரிகிற படம் எதுவும் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டேன். கும்பிடும் கைகளும் அழுகிற பொம்மைகளும் வந்து குவிந்தன. ஒருத்தர் அந்தப் படத்தை மறுபடி முகப்பில் அஞ்சலியாக வைக்கலாமா என்று கேட்டார். முகத்தைக் காட்டாததுதான் உயிர் என்று எழுதின வங்கி அதிகாரி மட்டும் தனியாக எனக்குப் போன் பண்ணினார். நல்ல மனுஷர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. சடங்குப் படத்தை அனுப்பினால், வயசைக் கூட்டி இப்போதைய முகத்தைக் கம்ப்யூட்டரே வரைந்து தரும், தன் பேரன் செய்வான் என்றார். அனுப்பினேன். புருவ வெட்டு, வாய் இழுப்பு எல்லாம் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் வந்தது. பளிச்சென்று ஒரு பெண். நல்ல நிறம், வரிசைப் பல், புருவத்தில் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி வெட்டு. எல்லாம் இருந்தது, அவள் இல்லை. எனக்கே பார்த்ததும் தெரிந்துவிட்டது. இருந்தாலும், தாய் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளாதா என்ற நப்பாசையில் மாமாவின் போனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே பேசினார்.

“ரொம்ப லெச்சணமா இருக்கா. இது யாருத்தா?”

முகம் தெரிகிற படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை, அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“முகம் இல்லாட்டிப் போகுதுத்தா. அவ நிக்கிற போட்டோ ஒண்ணு இருக்காம்ல, எங்கிட்ட காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அதக் கொண்டா. காரியத்தன்னிக்கு மாட்டணும்.”

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, கண்ணாடி பிரேம் கட்டினேன். ஸ்டுடியோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா மேடம், மாலை போடற படம்ன்றீங்க, மூஞ்சியே காணோமே. வேற எதுனா கீதா பாருங்க.” வேற எதுவும் இல்லை, இதையே போடுங்கள் என்றேன். அவர் ஓரத்தில் வந்திருந்த பஸ் ஸ்டாப் தகரத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்தார்.

காரியத்துக்கு முந்தின நாளே பஸ் ஏறினேன். பிரேமைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். கருவேலங்காட்டுக்கு நடுவில் ஓட்டு வீடு. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் அந்த மாமாதான். துண்டைப் பிரித்துப் பிரேமை அவர் முன்னால் வைத்தேன். பின்னலையும் முதுகையும் பார்த்துவிட்டு, “மூஞ்சி தெரியிற மாதிரி கெடைக்கலையாம்மா?” என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “அடுப்புல போட்டீங்களே, அதுல ஒண்ணு இருந்திருந்தா போதும்” என்றேன். பந்தலில் இருந்தவர்கள்வரை கேட்டிருக்கும். அவர் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைக்காமலே நின்றார். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா என்று பிறகு எனக்கே தோன்றியது. ஆனால் பேசினதற்காக நான் வருத்தப்படவில்லை.

காரியத்தன்று காலையில் வாழை இலைக்குப் பின்னால் பலகை போட்டு, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மாலை போட்டார்கள். மாலை பின்னலை மறைக்காமல் இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டார்கள். எந்த வீட்டிலும் செய்கிற மாதிரிதான், ஒரு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் வந்தது. அந்த அம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. எதிரே இருந்தது தலையின் பின்பக்கமும் கனகாம்பரமும்.

பொட்டு எங்கே வைப்பது?

“தலைக்கு மேல வையி” என்றது ஒரு குரல். “நடுவுல வையி, கண்ணாடிக்கு வைக்கிறதுதான” என்றாள் இன்னொருத்தி. அந்த அம்மா யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. விரலில் சந்தனம் காயத் தொடங்கியிருந்தது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்த படங்கள் அத்தனையும் ஒரு குப்பைக் கூடைக்குக்கூடப் பெறாது என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன்.

அந்த அம்மா விரலை எடுத்துக்கொண்டார். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். படத்தைத் தூக்கி மடியில் போட்டுத் திருப்பினார். பின்பக்கம் காக்கி நிற அட்டை, மூலைகளில் சின்ன ஆணிகள், ஸ்டுடியோக்காரரின் சீட்டு. மறுபடி சந்தனத்தைத் தொட்டார். முன்பக்கம் தலை எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்து, கையால் சாண் வைத்து அளந்தார். அந்த இடத்தில், வெறும் அட்டையில், சந்தனத்தை வட்டமாக வைத்தார். அதன்மேல் குங்குமம் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“மூஞ்சி இந்தப் பக்கந்தானத்தா இருக்கு.”

மாமா படத்தை வாங்கி ஆணியில் மாட்டக் கையை நீட்டினார். சுவரில் பட்டால் பொட்டு அழிந்துவிடும், காயட்டும் என்று அந்த அம்மா கொடுக்கவில்லை. பொட்டு மேலே தெரிய, வெகுநேரம் மடியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.